கைக்கெட்டும் தூரத்து லென்ஸ்

பிப்ரவரி 6

மில்லிமீட்டர்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கத்திய கத்தலிலேயே உடம்பு திடமாக இருப்பது தெரிந்துவிட்டது. நான் பேசி முடிப்பதற்குள் பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டுகிறார். நீங்கள் கோபித்து முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. அரைகுறைச் சண்டை வயிற்றுக்கு ஆகாது. அதனால் இனிமேல் கடிதம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. வரி கோணலாகப் போனால் உங்கள் அளவுகோலை எடுத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய சாமான் கடைக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். கோடவுனைக் காலி செய்தவர்கள் கொண்டுவந்து கொட்டிய மூட்டையில், ஓட்டை மின்விசிறிக்கும் நசுங்கிய கெட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட இரும்பு டம்ளர் மாதிரி இருக்கிறார். தூக்கினால் கை இறங்குகிறது. முன்பக்கக் கண்ணாடி சாஸர் அகலம், லேசாக மஞ்சள், ஆறிப்போன டீத்தண்ணி நிறம். பின்பக்கக் கண்ணாடி வெளியே வந்து விழுந்துவிடுவது போல விளிம்பு வரை நிற்கிறது. நம் எதிர்வீட்டு அம்மாள் சண்டைக்கு வாசலில் நிற்பாளே, அப்படி.

ஸ்டுடியோக்காரர் வந்து பார்த்தார். "இது கேமரா லென்ஸ்தாங்க. ஆனா எந்தக் கேமராவோடதுன்னு தெரியல" என்றார். தன் கேமராவின் வாயில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லையாம். "கண்புரை விழுந்த லென்ஸ் அக்கா, தூக்கிப் போடுங்க" என்றார். போகும்போது, "எதுக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்" என்றும் சொன்னார். தூக்கிப் போடுகிற சாமானை எதற்காக எடுத்துக்கொள்கிறார்? அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் நாள் முழுக்கக் கண்ணாடி தேய்க்கிற மனிதர் எனக்கு வாய்த்திருக்கும்போது நான் ஏன் ஸ்டுடியோக்காரரைக் கேட்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள், இவர் யார், எந்த ஊர், என்ன வேலை பார்த்தவர்?

இன்னொரு அடையாளம். அடிப்பக்கம் சுற்றி ஒரு சாம்பல் நிற வளையம் ஒட்டியிருக்கிறது. நகம் பட்டாலே கோடு விழுகிறது. உங்கள் மனசு மாதிரி மெத்தென்ற உலோகம்.

இப்படிக்கு,
வாயாடி

பிப்ரவரி 17

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. எதிர்வீட்டு அம்மாள், கெட்டில், என் மனசு எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அரைப் பக்கம்தான் மிஞ்சுகிறது. எனக்குத் தேவையானது அதில் இல்லை.

லென்ஸைச் சுற்றித் திருகும் வளையம் உண்டா? உள்ளே இதழ் இதழாக விரிந்து சுருங்கும் தகடு உண்டா? விளிம்பில் என்ன எண் பொறித்திருக்கிறது? கண்ணாடி மேல் விரல் வைக்காதே. துடைக்காதே. முக்கியமாக, முன்பு ஒரு கடிகாரத்தைக் கழுவியதுபோல் சோப்புப் போட்டுக் கழுவாதே.

எந்த லென்ஸாக இருந்தாலும் அதைச் சோதிக்க எங்கள் பட்டறையில் ஒரே வழிதான். ஜன்னலுக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். எண்ணெய் தடவிய மெல்லிய காகிதத்தைப் பின்னால் வைத்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். தூரத்தில் இருக்கும் மரமோ கம்பமோ காகிதத்தில் தலைகீழாகத் தெளிவாக விழும். விழும் இடத்தை அளந்து எழுது. அதை வைத்துச் சொல்கிறேன். காகிதத்தை அசைக்கும்போது பேசாதே. உனக்குக் கஷ்டம்தான், முயற்சி செய்.

என் பழைய கண்ணாடிக்கூடு பெட்டியில் இல்லை. வந்த நாளிலிருந்து தேடுகிறேன். அங்கே இருக்கிறதா பார்.

இன்னொன்று. மேலாளர் புது ஒப்பந்தத் தாளைக் கொடுத்துவிட்டார். ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் மே முதல் வாரம் ஊர் திரும்பலாம். நான் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் நீ சொன்னாய்: "மெதுவாவே வாங்க, வீடு கொஞ்சம் விசாலமா இருக்கும்." மகளும் வேலைக்குப் போய் வேறு ஊரில் இருக்கிறாள். வீடு இப்போது இன்னும் விசாலமாக இருக்கும். உன் எண்ணம் என்ன என்று எழுது.

உன்
கணவன்

மார்ச் 1

மில்லிமீட்டருக்கு,

திருகும் வளையம் இல்லை. இதழும் இல்லை. உங்களைப் போலவே ஒரே பிடியாகப் பிடித்து நிற்கிற ஆள். எண் இரண்டு இருக்கிறது. ஒரு இடத்தில் 50. இன்னொரு இடத்தில் ஒன்று, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, பிறகு சைபர் புள்ளி ஏழு ஐந்து. முக்கால் என்று சொல்வோமே, அது.

உங்கள் சோதனையைச் செய்தேன். பேசாமல்தான் செய்தேன், சத்தியமாக. கடை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். எதிரே தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் கம்பம். காகிதத்தை ஒரு சாண் தள்ளி வைத்தேன், வெறும் வெளிச்சம். நாலு விரல், இரண்டு விரல், அதே கதைதான். கடைசியில் காகிதம் கண்ணாடியை முட்டியே விட்டது. அப்போதும் தண்ணீர்த் தொட்டி, ஊறிய சோப்பு மாதிரி கொழகொழ என்று இருந்தது. கம்பத்தைக் காணவே காணோம். பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்து, "என்னக்கா, ஜன்னலுக்குப் பத்துப் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

கண்ணாடிக்கூடு இங்கே இல்லை. பூனை கொண்டுபோயிருக்கும். நமக்குப் பூனை இல்லையே என்று கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பூனை.

ஒப்பந்தத் தாளைப் பற்றி என் எண்ணம் கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்துதானே? உங்களுக்கு அச்சடித்த மாதிரி அழகாக வருமே, போட்டுவிடுங்கள். நீங்கள் வந்தால் அலமாரியில் உங்கள் பக்கத்தைக் காலி செய்ய வேண்டும். அங்கே என் குடை, பழைய ரேடியோ, மகளின் பள்ளிக்கூடப் பை எல்லாம் குடியேறிவிட்டன. பாவம், அவர்களை எங்கே அனுப்புவது?

மழை பிடித்துக்கொண்டது. சமையலறையில் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் வைத்த அதே வாளியை அதே இடத்தில் வைத்திருக்கிறேன். ஒரு இழை தப்பாமல் அதிலேயே சொட்டுகிறது.

வாயாடி

மார்ச் 12

வாயாடிக்கு,

சைபர் புள்ளி ஏழு ஐந்தாக இருக்க முடியாது. அந்த எண் சின்னதாகச் சின்னதாக லென்ஸ் அதிக வெளிச்சத்தை விழுங்குகிறது என்று அர்த்தம். நல்ல கேமராவிலேயே ஒன்றுக்குக் கீழே போவதை நான் பார்த்ததில்லை. முன்னால் ஒரு எண் தேய்ந்திருக்கும். நீ கண்ணாடி போடாமல் படித்திருப்பாய்.

காகிதம் கண்ணாடியை முட்டியும் தூரத்துப் பொருள் விழவில்லை என்றால் ஒரே முடிவுதான். யாரோ கழற்றி, உள்ளே இருக்கும் கண்ணாடிகளை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். தூரத்தைப் பார்க்காத லென்ஸ் லென்ஸே அல்ல. இரும்பு எடைக்குப் போட்டுவிடு.

ஒப்பந்தம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். சரி. மேலாளர் ஊரில் இல்லை, அடுத்த மாதக் கடைசியில்தான் வருகிறார். வந்ததும் போட்டுவிடுகிறேன். அலமாரியைக் காலி செய்ய வேண்டாம்.

ஒழுகலுக்குக் காரணம் வாளிக்கு நேர் மேலே உள்ள ஓடு அல்ல, அதற்கு மேல் வரிசையில் மூன்றாவது ஓட்டில் விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் உள்ளே ஓடி வந்து அங்கே சொட்டுகிறது. ஆளைக் கூப்பிட்டால் அதைக் காட்டு.

கணவன்

மார்ச் 23

மில்லிமீட்டர்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆயிற்று. அதை மடித்து ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டேன். விருந்தாளியை எடைத் தட்டில் வைத்தேன். வைத்துவிட்டு எடுத்தேன். மறுபடி வைத்தேன். தையல்காரர், "அக்கா, எடை ஒவ்வொரு தடவையும் மாறுதா?" என்று கேட்டார். "ஆமா, மனசு மாறுதுல்ல, அதான்" என்றேன்.

தூரத்தைப் பார்க்காததற்காக ஒருவரைத் தூக்கிப் போட வேண்டுமா? நான்கூடத்தான் தூரத்தைப் பார்க்கிறதில்லை. தெருமுனையில் வருகிறது பஸ்ஸா லாரியா என்றே தெரியாது. என்னை எந்த எடைக்குப் போடுவீர்கள்?

இப்போது நடந்ததைக் கேளுங்கள். நேற்றுக் காலை கடைக் கதவைத் திறந்ததும் வெயில் நேராக உள்ளே விழுந்தது. நான் அலமாரிக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்து, உங்கள் எண்ணெய்க் காகிதத்தை விருந்தாளியின் முதுகில் ஒட்டினேன். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன், பழைய காலத்துப் படக்காரர் மாதிரி. தண்ணீர்த் தொட்டி அதே சோப்புதான். முன் கண்ணாடியில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. துடைக்காதே என்றீர்களே, அதனால் துடைக்கவில்லை. எடுக்கலாம் என்று வெயிலில் கையை நீட்டினேன்.

காகிதத்தில் என் கை வந்து நின்றது.

தலைகீழாக, விரல் விரலாக. நம்ப மாட்டீர்கள். உள்ளங்கைக் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது. மில்லில் நூல் அறுத்த தழும்பு, கட்டைவிரல் நகத்தில் நசுங்கிய கறுப்பு, எல்லாம் மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பது மாதிரி. கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தேன், கரைந்துவிட்டது. முழுசாக நீட்டினேன், மறுபடி வந்தது. என் கை நீட்டினால் எட்டுகிற தூரம், அந்த ஒரு தூரம்தான் அவருக்குத் தெரிகிறது. ஒரு விரல்கடை முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எவனும் மாற்றிப் பூட்டவில்லை. அவர் சரியாகத்தான் இருக்கிறார். நாம்தான் தப்பான இடத்தில் நின்று பார்த்தோம்.

எண்ணையும் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். முக்கால்தான். முன்னால் ஒரு மண்ணும் தேயவில்லை. ஐந்தாம் வகுப்புக்குள் முக்கால் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். மை மேல் மை ஊற்றித்தான் அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதீர்கள்.

நீங்கள் சொன்ன மூன்றாவது ஓடு மாற்றியாயிற்று. சொட்டவில்லை. ஆனாலும் வாளியை எடுக்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

வாயாடி

ஏப்ரல் 3

அன்புள்ள வாயாடிக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. பட்டறை விளக்கிலும் வைத்துப் பார்த்தேன். 'வீடு' என்ற ஒரு சொல் மட்டும் தெரிகிறது.

நான் தப்புச் செய்துவிட்டேன். எங்கள் பட்டறையில் எல்லா லென்ஸையும் தூரத்து ஜன்னலை வைத்தே சோதிப்போம். இந்தத் தொழிலில் எனக்கு இருபது வருஷப் பழக்கம். தூரத்தைப் பார்க்கவே செய்யப்படாத லென்ஸ் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு இப்படி யோசித்தேன். ஒரே தூரம், அதனால் திருக வளையம் வேண்டாம். இதழ் இல்லை, வருகிற வெளிச்சத்தில் ஒரு துளியைக்கூட இழக்கக் கூடாது. எண் முக்கால், அப்படியென்றால் மனிதக் கண்ணுக்கே சரியாகத் தெரியாத மங்கல் வெளிச்சம். கை நீட்டும் தூரத்தில், மங்கலாக ஒளிரும் தட்டையான ஏதோ ஒன்றைப் படம் பிடிக்க இது செய்யப்பட்டிருக்கிறது. அது என்னவென்று இரண்டு நாள் தெரியவில்லை.

பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்தேன். சாம்பல் வளையம், நகம் பட்டால் கோடு விழும் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பக்கத்தில் என் மனசைப் பற்றி ஒரு கிண்டல். கிண்டலோடு சேர்த்து அதையும் கழித்துவிட்டேன். அது ஈயம். ஒரு கேமராவைச் சுற்றி எதற்காக ஈயம் கட்டுவார்கள்? எக்ஸ்ரே வெளியே கசியாமல் இருக்கத்தான்.

நாம் வேலை பார்த்த மில்லுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வண்டி வருமே, ஞாபகம் இருக்கிறதா? வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, குளிர்ந்த பலகையில் நெஞ்சை அழுத்தி, "மூச்சை இழு, நிறுத்து" என்பார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு திரை. எக்ஸ்ரே பட்டதும் நெஞ்செலும்பு அதில் பச்சையாக, மங்கலாக ஒளிரும். அந்தத் திரையைத்தான் இந்த மாதிரி லென்ஸ் சின்னப் படமாக எடுக்கும். ஒரு நாளில் ஆயிரம் பேர் நெஞ்சு. அதே தூரம், அதே மங்கல். வேறு எதையும் அது வாழ்நாளில் பார்த்ததில்லை.

இதை எழுதிவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். முடியவில்லை. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அட்டையில் எனக்கு முப்பத்தொன்பதாம் எண், உனக்கு நாற்பது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாய். பெயர் தெரியாது. "அண்ணே, எனக்கு மெஷின் ஓடிட்டு இருக்கு, கொஞ்சம் முன்னாடி விடுங்கண்ணே" என்றாய். ஆமாம், அண்ணே என்றுதான் சொன்னாய், மகளிடம் மறைக்கிறாய். விட்டேன். உள்ளே இருந்தவன் அட்டையைப் பார்க்காமல் வரிசைப்படி எழுதிக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து, முப்பத்தொன்பதாம் எண்ணுக்கு இடது நெஞ்சில் புள்ளி இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய படம் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. "முதல் படம் தப்பு, போங்க" என்றார்கள். எல்லோரும் போயிருப்பார்கள். என்னால் முடியவில்லை. படம் தப்பாக இருக்காது, புள்ளி யாருடையதோ. எனக்கு முன்னால் உள்ளே போனது யார் என்று யோசித்துக்கொண்டே நூல் சுற்றும் அறைக்கு வந்தேன்.

சொன்னேன். நீ சிரித்தாய். "என் நெஞ்சை உங்க பேர்ல எழுதிட்டாங்களா? அப்போ நீங்களே வெச்சுக்குங்க" என்றாய். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். விரலில் பிடித்திருந்த நூல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் நூலைக் கீழே வைத்தாய். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிறகு பதினெட்டு மாதம் காசநோய் மாத்திரை. நான் எண்ணி எண்ணிக் கொடுத்தேன். நீ என்னை மில்லிமீட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தாய்.

நான் கேட்க வந்தது இதுதான். பஸ் நிலையத்தில் நீ "வீடு விசாலமா இருக்கும்" என்று சொன்னபோது நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். உன் கையைப் பார்க்கவில்லை. அன்றைக்கு உன் கை எங்கே இருந்தது?

மேலாளர் இருபத்தெட்டாம் தேதி வருகிறார்.

உன்
கணவன்

ஏப்ரல் 13

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தில் கிண்டல் இல்லை. நாலு தாளைக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் மூன்றாவது வரியில் வாய் கோணிக்கொண்டு ஏதாவது வந்துவிடுகிறது.

அன்றைக்கு என் கை துணிப்பைக்குள் இருந்தது. பைக்குள் உங்கள் கண்ணாடிக்கூடு. காலையில் பெட்டி கட்டும்போது நான்தான் எடுத்தேன். பஸ் கிளம்பும் வரை அதை இறுக்கிப் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன், மூடி நசுங்கிப் போயிருந்தது. மறுபடி சரியாக மூடவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பூனை என்று எழுதியது பொய்.

நான் அடித்த வரி இது: வீடு விசாலமாக இல்லை, காலியாக இருக்கிறது.

அலமாரியில் உங்கள் பக்கத்தில் குடையும் இல்லை, ரேடியோவும் இல்லை. நீங்கள் மடித்து வைத்த நாலு சட்டையும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை வெயிலில் போட்டு, அதே மடிப்பில் திரும்ப வைக்கிறேன்.

எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வருகிறது. மில்லில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது. பஸ் நிலையத்தில் வந்தது. உங்கள் ஒப்பந்தத் தாளைப் பற்றிப் படித்தபோதும் வந்தது. மகள் பிறந்தபோது நர்ஸம்மா, "என்னம்மா இப்படிச் சிரிக்கிறே?" என்று திட்டினாளே, நீங்கள்தான் அவளிடம், "அது பயம்மா, சிரிப்பு இல்ல" என்று சொன்னீர்கள். அதற்கப்புறம் எனக்காகச் சொல்ல ஆள் இருக்கிறது என்று நான் பழகிவிட்டேன். நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஸ்டுடியோக்காரர் மறுபடி வந்தார். எதற்கான லென்ஸ் என்று சொன்னேன். கண் விரிந்து, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். "எக்ஸ்ரே வண்டி லென்ஸை வெச்சு நீங்க என்னக்கா பண்ணப் போறீங்க?" என்றார். லென்ஸை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். இந்த லென்ஸ்தான் என் நெஞ்சைப் பார்த்தது என்று நான் சொல்லவில்லை, ஆயிரம் வண்டியில் ஆயிரம் லென்ஸ் இருந்திருக்கும். ஆனால் இதைப் போன்ற ஒன்றுதான் பார்த்தது. அது பார்த்ததை நம்பி என்னைத் தேடி வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

உங்கள்
மனைவி

ஏப்ரல் 24

அன்புள்ளவளுக்கு,

கடிதம் இன்று மதியம் வந்தது. பட்டறையில் நின்றபடியே படித்தேன். ஒரு கண்ணாடியை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை.

மேலாளருக்காகக் காத்திருக்கவில்லை. ஒப்பந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் அவர் மேசையில் வைத்துவிட்டேன். மே ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

கண்ணாடிக்கூட்டைச் சரிசெய்ய முயலாதே. லென்ஸின் மேல் மெல்லிய துணி போட்டு வை, வெயில் படாமல். வாளியை எடுக்க வேண்டாம், மற்ற ஓடுகளையும் நானே பார்க்கிறேன்.

நான் இறங்கும்போது கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்காதே. என்ன வேண்டுமானாலும் சொல்லிச் சிரி, நான் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

நிற்க வேண்டிய இடமும் முக்கியம். பஸ் படியிலிருந்து சரியாக உன் கை நீளம், அறுநூற்று நாற்பது மில்லிமீட்டர். ஒரு விரல்கடை தள்ளி நின்றாலும் நீ எனக்குத் தெரிய மாட்டாய்.

மேலே உள்ள வரி கிண்டல். எனக்குப் பழக்கமில்லை. புரியவில்லை என்றால் நேரில் விளக்குகிறேன்.

உன்
மில்லிமீட்டர்